கன்னத்தை உப்பிய சங்கம்

என் அக்காவைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும் என்றால் அது நானாக இருப்பதே நல்லது. வேறு யார் எழுதினாலும் அவளை ரொம்ப நல்லவள் என்று எழுதிவிடுவார்கள். அவள் நல்லவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஒரே விஷயத்தை வைத்து என்னைக் கிண்டலடிக்கிறவளை அவ்வளவு சுலபமாக விட்டுவிட எனக்கு மனமில்லை.

விஷயம் இதுதான். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனது நான். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் கெட்ட வார்த்தையில் திட்டுவார் என்று கேள்விப்பட்டு, ஒரு பெண்பிள்ளை பின்னால் உட்கார்ந்திருந்தால் வாயை அடக்குவார் என்று துணைக்குக் கூட்டிப்போனது அக்காவை. நான் மூன்று முறை டெஸ்டில் கோட்டைவிட்டேன். மூன்றாவது முறை நான் தொங்கிய தலையோடு இறங்கி நின்ற அதே மாதத்தில் அவளும் விண்ணப்பம் போட்டாள். நாலு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். முதல் முறையிலேயே பாஸ். பின் சீட்டில் உட்கார்ந்து, நான் செய்வதையெல்லாம் செய்யாமலிருக்கக் கற்றுக்கொண்டாளாம். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, பஸ் நிறுத்தம் என்று இடம் பொருள் பார்க்காமல் இதைச் சொல்லுவாள்.

பதினோரு வருடம் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். பள்ளிக்கூடம் வேனை நிறுத்தியதும் கடனில் ஒரு கார் வாங்கி, போனில் சவாரி வரும் கம்பெனியில் சேர்ந்தாள். நான் அதற்கு முன்பே அங்கே ஓட்டிக்கொண்டிருந்தேன். குறுகலான தெருவில் எதிரே வண்டி வந்தால் நாங்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்போம்; அக்கா மட்டும் மொத்தத் தெருவையும் ரிவர்ஸிலேயே கடந்து, முனையில் நின்று எதிராளிக்குக் கையசைப்பாள். அதனால் டிரைவர்களுக்கு நடுவில் அவள் பெயர் ரிவர்ஸ் அக்கா. அத்தான் லிப்ட் மெக்கானிக். நாளின் பாதியை இரண்டு மாடிக்கு நடுவே இருட்டில் கழிக்கிறவர் என்பதால் அவருக்குப் பேச்சு குறைவு. அந்தக் குறையை அக்கா தனியாகவே ஈடுகட்டிவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று முளைத்தது, அதுவும் கோணலாக. டாக்டர் அதைப் பிடுங்கிவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். அக்கா ஒரு நாள் இருந்தாள். மறுநாள் காலை இடது கன்னம் ஒரு பந்தை ஒளித்துவைத்த மாதிரி வீங்கியிருக்க, காரில் ஏறி உட்கார்ந்து டியூட்டிக்குப் போவதற்காக போனைத் திறந்தாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் தினமும் காலையில் டியூட்டியை ஆன் செய்யும்போது போன் எங்கள் முகத்தைக் கேட்கும். திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகத்தை வைத்து ஒருமுறை கண் சிமிட்ட வேண்டும். சேரும்போது எடுத்த போட்டோவோடு ஒத்துப்போனால் வணக்கம் சொல்லும். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் இரண்டு வாய்ப்பு. மூன்றும் தவறினால், வேறு யாரோ உன் பெயரில் வண்டி ஓட்டப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டி ஐடியையே ப்ளாக் செய்துவிடும்.

முதல் முறை ஒத்துப்போகவில்லை என்றது. அக்கா வீங்கிய கன்னத்தை உள்ளங்கையால் உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டாவது முறை காட்டினாள். அப்போதும் இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அவள் என் அக்கா இல்லையே. வீக்கமில்லாத வலது பக்கத்தை மட்டும் காட்டினால் போதுமென்று கழுத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் போனைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஐடி போயிற்று.

நாலு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. முகம் பழையபடி ஆனது. ஆனால் அதைக் காட்ட யாரும் இல்லை. போனில் உதவி என்று ஒரு இடம் உண்டு. அங்கே எழுதினால் ஒரு இயந்திரம் பதில் சொல்லும். அக்கா பல் பிடுங்கிய கதையை முழுவதும் எழுதினாள். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. எனக்குப் பொறுமையே கிடையாது என்று அக்கா எழுதினாள். வேறு ஏதேனும் உதவி தேவையா என்று கேட்டது. டாக்டர் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்த பல்லையே போட்டோ எடுத்து அனுப்பினாள். படத்தில் முகம் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது.

கம்பெனி ஆபீஸ் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருக்கிறது. நேரில் போனோம். கீழே வாசலில் இருந்த காவலாளி, டிரைவர்களை உள்ளே விட உத்தரவு இல்லை என்றார். எங்கள் ஒப்பந்தத்தில் எங்களைத் தொழிலாளி என்று ஒரு இடத்திலும் சொல்லியிருக்க மாட்டார்கள். பங்குதாரர் என்றுதான் இருக்கும். அதனால் அக்கா, பங்குதாரர் வந்திருக்கிறேன், என் நாற்காலி எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை.

அப்படியே வாரங்கள் ஓடின. வண்டிக் கடனின் தவணை மட்டும் தன்பாட்டுக்குத் தேதி தவறாமல் வந்து நின்றது. பேட்டரி செத்துவிடக்கூடாது என்று அக்கா தினமும் மூன்று வேளை காரை ஸ்டார்ட் செய்து, குடியிருப்பின் பார்க்கிங்கிலேயே முன்னும் பின்னும் நகர்த்துவாள். மருந்து கொடுப்பது மாதிரி வேளை தவறாமல் செய்வாள். மற்ற நேரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டு என்னிடம் சண்டை போடுவாள். ஒரு நாள் மட்டும் சண்டை போடாமல், "ஏண்டா, நான் நான்தான்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆளு இல்லையா?" என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கிண்டல் செய்யாத அக்காவாக மாறிவிடுவாளோ என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஒரு டயர் கடையின் பின்னறையில், அடுக்கிவைத்த டயர்களின் மேல் உட்கார்ந்து கூட்டம் போடும் அறுபது பேர். தலைவருக்கு ஹாரன் என்று பெயர்; மெதுவாகப் பேசுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் துணைச் செயலாளர். செயலாளர் கிடையாது. அக்கா மாதிரி ஐடி போனவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் மீசையை எடுத்தவர், ஒருவர் கண்ணாடி போட்டவர். ப்ளாக் செய்வதற்கு முன் ஒரு மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டும், கம்பெனி எடுக்கும் கமிஷனைக் குறைக்க வேண்டும், இந்த இரண்டையும் கேட்டு ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை போனை அணைத்துவைப்பது என்று தீர்மானம் போட்டோம். ஹாரன் போட்ட சத்தத்தில் முன்னால் கடையில் ஒருவர் வாங்க வந்த டயரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை சேர்க்கும் விஷயமல்ல. ஆனால் அக்கா கதையை ஒளித்துவைத்துச் சொன்னால் அவள் சும்மா விடமாட்டாள்.

வண்டிகள் குறைந்து ஆட்கள் அதிகமானால் எங்கள் கம்பெனியில் கட்டணம் தானாக ஏறும். சர்ஜ் என்போம். ஸ்ட்ரைக் அன்றைக்கு விமான நிலையச் சவாரிக்கு ஏழு மணிக்கே கட்டணம் இரண்டு மடங்கு ஆனது. எட்டரைக்கு மூன்று மடங்கு. நான் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது பேரில் ஒருவன், ஒரே ஒரு விமான நிலையச் சவாரி, யாருக்குத் தெரியப்போகிறது என்று என் புத்தி போயிற்று. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

விமான நிலையத்தில் டிரைவர்கள் காத்திருப்பதற்கென்று சரக்குக் கிடங்குக்குப் பின்னால் ஒரு திடல் உண்டு. திரும்பி உள்ளே நுழைந்தால் எனக்கு முன்னால் முப்பத்தெட்டு வண்டிகள். எல்லாம் தெரிந்த நம்பர். எல்லோரும் தொப்பி. ஒருவர் கர்ச்சீப்பால் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் என்னைப் பார்த்ததும் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில், இந்த வேகாத வெயிலில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, எங்கள் தலைவர் ஹாரன். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். யாரெல்லாம் வருகிறார்கள் என்று கணக்கெடுக்க வந்ததாகச் சொன்னார். வாழ்நாளில் முதன்முறையாக மெதுவாகச் சொன்னார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சங்கத்தில் சேராத டிரைவர்களிடம் நோட்டீஸ் கொடுத்து நியாயம் கேட்கலாம் என்று, பெட்ரோல் காசை மிச்சம் பிடிக்க இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு அக்கா அங்கே வந்து சேர்ந்தாள்.

திடலின் நடுவில் வந்து நின்றாள். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தாள். தொப்பி, கர்ச்சீப், குல்லாய். கடைசியாக என்னைப் பார்த்தாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். உதடு துடித்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல், நிற்க முடியாமல், நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, நோட்டீஸால் முகத்தை விசிறிக்கொண்டு சிரித்தாள். முதலில் படுத்திருந்தவர் எழுந்து சிரித்தார். பிறகு குல்லாய் சிரித்தது. முப்பத்தொன்பது வண்டிகளும் அசடு வழிந்துகொண்டே சிரித்தன. நான் மட்டும் சிரிக்கவில்லை. சொந்த அக்காவின் வயிற்றில் அடிக்க வந்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்க மேல தப்பு இல்ல," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஸ்ட்ரைக் நல்லா நடந்தா ரேட்டு ஏறுது. ரேட்டு ஏறினா ஸ்ட்ரைக் படுத்துடுது. நல்லா யோசிச்சுத்தான் வெச்சிருக்கான் கம்பெனிக்காரன்."

அன்றைய கதை ஊரெல்லாம் பரவியது. வெட்கப்பட்டவர்களெல்லாம் சங்கத்தை விட்டு ஓடுவார்கள் என்று நான் நினைத்தேன். நடந்தது தலைகீழ். திடலில் இருந்த அத்தனை பேரும், நாம் மட்டும்தான் கெட்டவன் என்று அதுவரை நினைத்திருந்தவர்கள். எல்லோரும் அப்படித்தான் என்று தெரிந்ததும் ஒரு தெம்பு வந்துவிட்டது. அவர்கள் மற்றவர்களிடம் சொல்ல, மூன்றே வாரத்தில் சங்கத்தில் இருநூற்றுப் பத்துப் பேர். ஊரில் ஓடும் வண்டிகளில் அது கால்வாசிகூட இல்லை. ஆனால் காலை விமானங்களுக்கு ஆள் ஏற்றுகிற வண்டிகளில் முக்கால்வாசி நாங்கள்தான்.

அடுத்த கூட்டத்துக்கு டயர்கள் போதவில்லை. பாதிப் பேர் நின்றார்கள். அக்கா ஒரு லாரி டயரின் மேல் ஏறிக்கொண்டாள். ஆசையை அடக்குகிற ஆட்கள் நாங்கள் இல்லை, அது திடலில் தெரிந்துவிட்டது, ஆகவே ஆசைப்பட்டாலும் ஓட்ட முடியாத மாதிரி எங்கள் கையை நாங்களே கட்டிப்போட வேண்டும் என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு வட்டத்துக்குள் முகத்தைக் காட்டினால் மூன்றாவது தடவையோடு ஐடி ப்ளாக். அப்புறம் கட்டணம் பத்து மடங்கு ஏறினாலும் யாரும் திருட்டுத்தனமாகக் கிளம்ப முடியாது. இயந்திரத்தால் திறக்கவும் முடியாது. யாராவது ஒரு மனிதர் வந்துதான் திறக்க வேண்டும்.

 பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"உங்களுக்கென்னக்கா. உங்களுக்குத்தான் ஏற்கனவே போயிடுச்சே. திறக்காமலே விட்டுட்டா நாங்க என்ன பண்றது?"

சரியான கேள்வி.  அக்கா டயரிலிருந்து இறங்கினாள்.

"வாஸ்தவம்தான். இழக்க எனக்கு ஒண்ணும் இல்ல. அதனால இதை முடிவு பண்ற இடத்துல நான் இருக்கக் கூடாது. நீங்களே பேசி ஓட்டு போடுங்க. வேண்டாம்னு வந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

வெளியே போய், மூடிய கடையின் முன்னால் தனியாக நின்றாள். கோபித்துக்கொள்ளமாட்டேன் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அந்த லாரி டயரின் மேல் ஏறினேன். எனக்குப் பேச வராது. விமான நிலையத்துக்கு நான் போனேன், எதற்குப் போனேன் என்று எனக்குத் தெரியும், மறுபடி போகாமலிருப்பேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது, அதனால் என் கையைக் கட்டிவிடுங்கள், முதல் ஆளாக நான் கட்டிக்கொள்கிறேன் என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. பதினேழு பேர் உயர்த்தவில்லை. ஆனால் அந்தப் பதினேழு பேரும், எல்லோரும் போவதென்றால் நாங்களும் வருகிறோம் என்றார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, விளையாட்டு அரங்கத்தின் வெளித்திடலில் இருநூற்றுப் பத்து வண்டிகள் வரிசையாக நின்றன. விடிந்தும் விடியாத வெளிச்சம். ஆளாளுக்குக் கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்தை உப்பிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சிலர் பஞ்சு கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் சட்டையிலிருந்து கிழித்த துணியை அடைத்துக்கொண்டு மூச்சுவிட முடியாமல் திணறினார். உப்பிய முகத்தோடு பக்கத்து வண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தால் சிரிப்பு வந்து காற்றெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து உப்ப வேண்டும். அக்கா வரிசைக்கு வரிசை ஓடி, யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்று மிரட்டிக்கொண்டிருந்தாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

முதல் ஆள் நான். வீராதி வீரனாகக் கன்னத்தை உப்பி, வட்டத்துக்குள் வைத்து, கண் சிமிட்டினேன்.

வணக்கம், இன்றைய பயணம் இனிதாகட்டும் என்றது போன்.

என்னை நம்புங்கள், நான் உப்பத்தான் உப்பினேன். சேர்ந்த காலத்து போட்டோவில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆனால் என்னைச் சுற்றியிருந்தவர்களின் பார்வை மாறிவிட்டது. விமான நிலையத்துக்குப் போனவன்தானே இவன் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. இதற்குள் மற்ற போன்கள் ஒவ்வொன்றாக ப்ளாக் ஆகத் தொடங்கின. திடல் முழுவதும் டுய்ங், டுய்ங் என்று ஒரு சோகமான சத்தம், அதன் பின்னாலேயே கைதட்டல். சற்று நேரத்தில் அங்கே உயிரோடு இருந்த ஒரே ஐடி என்னுடையது.

அப்போது என் போன் ஒலித்தது. சவாரி. நாலே நிமிட தூரத்திலிருந்து விமான நிலையம். ஐந்து மடங்கு. என் பன்னிரண்டு வருட சர்வீஸில் ஐந்து மடங்கைக் கண்ணால் பார்த்ததில்லை. எடுக்க பதினைந்து விநாடி. இருநூற்று ஒன்பது பேர் என்னைப் பார்க்க, நான் அந்த ஐந்தைப் பார்க்க, விநாடி ஒவ்வொன்றும் ஒரு யுகம். என் கட்டைவிரல் லேசாக நகர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், நகர்ந்தது.  அக்கா என் கையைப் பிடிக்கவில்லை. போனைக் குப்புறக் கவிழ்த்துக் காரின் மேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அது அலறி அலறி ஓய்ந்தது.

"அக்கா, என் மூஞ்சிய ஏதாவது பண்ணு," என்றேன்.

இருபத்திரண்டு வருட ஆசை அவளுக்கு. இரண்டு கையாலும் என் கன்னங்களைப் பிடித்து, வாயைக் கோணலாக இழுத்து, மூக்கை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டாள். டியூட்டியை அணைத்து மறுபடி போட்டேன். ஒத்துப்போகவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. டுய்ங். திடலே அதிர்ந்தது. ஹாரன் என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். பிழைப்பு போனதற்காக ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

சந்தோஷம் ஒரு மணி நேரம் நின்றது. அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்தது. கையில் செத்த போன், எதிரே செத்த போன். சிலர் வீட்டுக்குச் சொல்லவே இல்லை. துடைத்த வண்டியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் எங்கே நிற்கிறோம், என்ன கேட்கிறோம் என்று காவலாளி மூலம் ஏழாவது மாடிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அக்கா மட்டும் வாசலையே பார்த்தபடி நின்றாள்.

பத்தேகாலுக்கு அந்த வாசலில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சட்டை நனைந்து, முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் இறங்கினார். ஏழாவது மாடி மேனேஜர். கார் கிடைக்கவில்லையாம். அவரைப் பார்த்துக் கோபப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் பாட்டிலைத்தான் நீட்டினேன்.

அவர் அக்காவைத் தனியே அழைத்தார். நானும் ஹாரனும் கூடவே போனோம். அவர் போனில் அக்காவின் பெயரும் போட்டோவும் இருந்தன, அடியில் ஒரு பச்சைப் பொத்தான். இப்போதே இந்த நிமிடமே உங்கள் ஐடியைத் திறந்துவிடுகிறேன், மற்றவர்களுடையதும் மதியத்துக்குள் திறந்துவிடும், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி இவர்களைக் கலைந்துபோகச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். நல்ல மனிதர்தான். மேலிருந்து என்ன சொல்லி அனுப்பினார்களோ அதைச் சொன்னார்.

அக்கா அந்தப் பச்சைப் பொத்தானைப் பார்த்தாள். ஏழு வாரம் அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். வாங்கிக்கொள் அக்கா என்று என் மனசு கத்தியது. வாங்கினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். தொட்டுவிடுவாளோ என்கிற மாதிரி விரல் மேலே வந்தது. அந்த விரலால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சார். இன்னைக்கு நீங்க பஸ் ஏறி வந்தீங்க, எனக்குத் திறந்து விடுறீங்க. அடுத்த மாசம் வேற யாருக்காவது பல்லு பிடுங்குவாங்க. அவங்களுக்காக இருநூறு பேர் மூஞ்சிய உப்பிக்கிட்டா இருப்பாங்க? ஒரு மேசை போடுங்க. ஒரு நாற்காலி போடுங்க. அதுல கண்ணு தெரியுற ஒரு ஆளை உக்கார வைங்க. என் மூஞ்சிய நான் அவர்கிட்ட வந்து காட்டிக்கிறேன்."

கம்பெனிக்கு எந்த ஊரிலும் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார் மேனேஜர். அப்படியானால் இந்த ஊரில் ஆரம்பியுங்கள் என்றார் ஹாரன், விளையாட்டு அரங்கத்துக்குள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. மேனேஜர் ஒதுங்கிப் போய் போனில் பேசினார், மறுபடி வந்தார், மறுபடி போனார். விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறவர்களின் வரிசை சாலைவரை வந்துவிட்டது என்று செய்தி வந்தபோது அவர் நடையில் வேகம் கூடியது. மதியம் இரண்டு மணிக்குக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஐடி ப்ளாக் ஆனால் இரண்டு நாளுக்குள் ஒரு மனிதர் நேரில் பார்த்து முடிவு செய்வார். பக்கத்தில் சங்கத்தின் ஆள் ஒருவர் இருக்கலாம்.

கமிஷன் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. அது என் கையில் இல்லை என்றார் மேனேஜர். அவரைப் பார்த்தால் உண்மை என்றுதான் தோன்றியது. சங்கம் இருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எழுதினால் நான் பொய்யன். எங்களுக்குக் கிடைத்தது ஒரு மேசையும் ஒரு நாற்காலியும். ஆனால் அதுவரை எங்களிடம் பேச ஒரு வாய்கூட இல்லாத கம்பெனி, எங்கள் எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்தது. அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் போதாமல் ஆகிவிட்டது, அது வேறு விஷயம். கமிஷனைப் பற்றி இப்போதும் மேசையைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். தட்ட ஒரு மேசை இருக்கிறதே.

மறுநாள் காலை கண்ணாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிப்டுக்குப் பக்கத்தில் அந்த மேசையைப் போட்டிருந்தார்கள். காவலாளி கதவை விரியத் திறந்து, பங்குதாரர்கள் வரலாம் என்றார். நாற்காலியில் இருந்தவர் ஐம்பது வயதுக்காரர், மூக்கின் நுனியில் கண்ணாடி. வேறு ஏதோ பிரிவிலிருந்து இழுத்துவந்து உட்காரவைத்திருக்கிறார்கள் என்பது அவர் முழியிலேயே தெரிந்தது. எங்கள் வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனைவரை போயிற்று. அக்காவை எல்லோரும் தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அவர் திரையில் இருந்த போட்டோவைப் பார்த்தார். வேன் வேலை போன மாதத்தில் எடுத்த போட்டோ அது. அக்கா அதில் யாரையோ கடிக்கப்போகிற மாதிரி முறைத்துக்கொண்டிருப்பாள். அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். போட்டோவில் சிரிக்கவில்லையே, கொஞ்சம் சிரிக்காமல் நில்லுங்கள் என்றார் அவர். அவ்வளவுதான், அக்காவுக்கு அடக்க முடியவில்லை. உதட்டைக் கடித்தாள், மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், முகத்தைக் கையால் துடைத்தாள். கண்ணில் நீர் வழிகிறது, தோள் குலுங்குகிறது, பின்னால் வரிசையே சிரிக்கிறது. எனக்கோ உயிர் போய் உயிர் வந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் சும்மா நிற்கத் தெரியாதா இவளுக்கு?

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் வாய் ஓரமும் துடித்துக்கொண்டிருந்தது.

"பரவாயில்லம்மா, சிரிங்க. நீங்கதான். பாத்தாலே தெரியுது," என்றார். பொத்தானை அழுத்தினார்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்தவருக்கு வழிவிடச் சொல்லி நான்தான் அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினேன். ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று, போனை எடுத்து, எந்தக் கட்டடத்தின் எந்த மாடிகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தாரோ, அத்தானைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க ஒருத்தர் என்னைப் பாத்து, நான்தான்னு சொல்லிட்டாருங்க," என்றாள், குரல் உடைந்து.

கூடவே போய் நின்ற எனக்கும் அந்தப் பக்கம் இரும்பு உராயும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே அத்தான் பேசினார்.

"அதத்தானே ஏழு வாரமா நான் சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார்.